வீட்டிலிருந்தபடியே

“கணிதம் படித்த பெண்களே, வீட்டிலிருந்தபடியே சம்பாதிக்கலாம்” என்ற விளம்பரத்தை நான் பார்த்தபோது மகளுக்கு எட்டு மாதம். எம்.எஸ்சி., பி.எட். முடித்து, ஒரு மெட்ரிக் பள்ளியில் ஆறு வருடம் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புகளுக்குக் கணக்கு எடுத்திருந்தேன். பேறுகாலம் முடிந்து திரும்பிப் போனபோது என் வகுப்பில் வேறொரு டீச்சர் நின்றுகொண்டிருந்தார். யாரும் என்னை வேலையை விட்டு நீக்கவில்லை. இடம் காலியாக இல்லை என்றார்கள், அவ்வளவுதான்.

அந்த விளம்பரத்தில் என்னை இழுத்தது ‘சம்பாதிக்கலாம்’ என்ற சொல். ‘படியே’ என்பதில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஏகாரத்தை நான் கவனிக்கவில்லை. அந்த ஏகாரம் எனக்காக எழுதப்பட்டதே இல்லை. அது வீட்டாருக்கு. அவள் எங்கும் போகமாட்டாள், சோறு நேரத்துக்கு வந்துவிடும், பிள்ளை அழுதால் எழுந்து போவாள், வீட்டில் எதுவும் இடம் மாறாது என்று அவர்களுக்குத் தரப்படும் உறுதிமொழி அது.

இது இன்று நேற்று வந்த வேலையில்லை. 2005இலேயே பெங்களூரில் தொடங்கப்பட்ட டியூட்டர்விஸ்டா, இங்குள்ள ஆசிரியர்களைக் கொண்டு அமெரிக்கப் பிள்ளைகளுக்கு இணையம் வழியாகப் பாடம் நடத்தியது. 2020 ஆகஸ்டில் பைஜூஸ் நிறுவனம் 30 கோடி டாலர் கொடுத்து வைட்ஹேட் ஜூனியரை வாங்கியபோது, அதில் கற்பித்தவர்கள் பெரும்பாலும் வீட்டிலிருந்த பெண்கள். கேமரா முன் உட்கார்ந்து எடுக்கும் வகுப்புகளும் உண்டு. முகத்தைக் காட்டாமல் விடை மட்டும் எழுதிக் கொடுக்கும் வேலையும் உண்டு. கைக்குழந்தைக்காரி கேமரா முன் உட்கார முடியாது. நான் இரண்டாவதைத் தேர்ந்தேன்.

வேலை இப்படி. தேர்வு எழுதித் தேறினால் ஒரு நிபுணர் எண் தருவார்கள். பான் அட்டை, வங்கிக் கணக்கு விவரம் கேட்பார்கள். பிறகு திரையில் கேள்வி வரும். எங்கோ ஒரு கல்லூரி மாணவர் மாதச் சந்தா கட்டி அனுப்பிய கேள்வி. எடுத்துக்கொண்டால் குறித்த நேரத்துக்குள் படிப்படியாக எழுதிப் பதிவேற்ற வேண்டும். தெரியவில்லை என்றால் தள்ளிவிடலாம். ஆனால் தள்ளிவிடும் எண்ணிக்கை கூடினால் கேள்வி வருவது குறையும். நான் செய்த காலத்தில் ஒரு விடைக்கு 120 ரூபாய் கிடைத்தது. பள்ளியில் மாதம் 9,000 வாங்கியவளுக்கு அது மோசமில்லை. கேள்விகள் அதிகம் வருவது இரவில். அவர்களுடைய பகல் நம்முடைய இரவு.

முதல் வருடம் முடிந்ததும் ஒரு வேடிக்கை. என் பணத்தில் 10 சதவீதம் வரிப்பிடித்தம் செய்திருந்தார்கள். ஏன் என்று பார்த்தால், தொழில்முறை வல்லுநர்களுக்குத் தரப்படும் கட்டணம் என்ற பிரிவில் என்னைச் சேர்த்திருந்தார்கள். டாக்டர், வக்கீல், ஆடிட்டர் வரும் வரிசை. ஆக வருமான வரித் துறைக்கு நான் வல்லுநர். நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் சுயாதீன ஒப்பந்ததாரர், அதாவது ஊழியர் அல்ல. அத்தை வந்தவர்களிடம் சொல்வது, “அவ சும்மாதான் வீட்ல இருக்கா, ராத்திரி போன நோண்டிட்டு இருப்பா.” மூன்று பேரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் கொடுமை.

என் அம்மா மேலப்பாளையம் பக்கம் பீடி சுற்றியவள். மடியில் சுளவு, அதில் இலை, தூள், நூல், கத்தரி. ஒரு கட்டுக்கு 25 பீடி. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. சாயங்காலம் பீடிக்கடைக்குக் கொண்டுபோனால் கணக்குப்பிள்ளை ஒவ்வொரு கட்டாகப் பார்த்துச் சரியில்லாததைக் கழித்துவிடுவார். கழிக்கப்பட்டதற்குக் கூலி கிடையாது. என் விடைக்கு ‘தரமில்லை’ என்று வரும்போதெல்லாம் அந்தக் கணக்குப்பிள்ளையின் விரல்கள் நினைவுக்கு வரும். ஆனால் அம்மாவுக்கு ஒரு பாஸ் புத்தகம் இருந்தது. 1966ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம், வீட்டில் உட்கார்ந்து சுற்றுகிறவளையும் தொழிலாளி என்று ஏற்றுக்கொண்டது. அவளுக்கு பி.எஃப். இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாத அவளை அரசாங்கம் தொழிலாளி என்றது. வகையீட்டுச் சமன்பாடு தெரிந்த அவள் மகளை யாரும் அப்படிச் சொல்லவில்லை. வீட்டிலிருந்து வேலை செய்வோருக்கென 1996இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 177ஆம் உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. பொருள் செய்து தருவதை மட்டுமல்ல, சேவை செய்து தருவதையும் அது வேலை என்கிறது. இந்தியா அதில் இன்னும் சேரவில்லை. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் வீட்டிலிருந்து வேலை செய்வோர், ‘கிக்’ தொழிலாளர், இணையத்தளத் தொழிலாளர் என்று தனித்தனி வரையறைகள் வந்துவிட்டன. இந்தப் பெயர்களில் என்னுடையது எது என்று என் ஒப்பந்தத்தை எத்தனை முறை படித்தும் என்னால் சொல்ல முடியவில்லை.

மரியா மீஸ், ஆந்திராவின் நர்சாபூரில் லேஸ் பின்னும் பெண்களைப் பற்றி 1982இல் ஒரு நூல் எழுதினார். அவர்கள் பின்னியது கடல் கடந்து விற்றது; விற்றவர்கள் ஆண்கள். பின்னியவர்கள் இல்லத்தரசிகள் என்றே கருதப்பட்டார்கள், ஓய்வு நேரத்தில் ஏதோ செய்கிறவர்கள் என்று. அவர்களும் தங்களை அப்படித்தான் சொல்லிக்கொண்டார்கள். என்ன ஓய்வு நேரம்? 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் செலவிடுவது சராசரியாக 299 நிமிடம். ஆண்கள் 97. என் இரவு பத்து மணி என்பது அந்த 299 முடிந்த பிறகு வருவது.

இதுவரை நான் சொன்னது எனக்கு நடந்தது. இனிச் சொல்லப்போவது நான் செய்தது. இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

2020 டிசம்பர். கொரோனாவால் அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றில் பருவத் தேர்வே இணையத்தில் நடந்துகொண்டிருந்தது. இங்கே இரவு 11:40. அவர்களுடைய கிழக்குக் கரையில் மதியம் 1:10. ஒரு கேள்வி வந்தது. திரையைப் போனில் படமெடுத்து அனுப்பியிருந்தார்கள். 13 அடி ஏணி சுவரில் சாய்ந்திருக்கிறது. அதன் அடி நொடிக்கு 2 அடி வேகத்தில் சுவரைவிட்டு விலகுகிறது. சுவரிலிருந்து 5 அடியில் இருக்கும்போது, ஏணியின் உச்சி எவ்வளவு வேகத்தில் இறங்கும்? நம் பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பழகிய வகைதான். படத்தின் மேல் மூலையில் ‘கேள்வி 4, 12 மதிப்பெண்’ என்று இருந்தது. அதற்குப் பக்கத்தில் கடிகாரம்: மீதி 41 நிமிடம். கீழ் ஓரத்தில் ஒரு கட்டைவிரல், நீல நகப்பூச்சு பாதி உரிந்து.

பரீட்சை நடந்துகொண்டிருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. புரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு ஒரு வழியும் இல்லை. அப்படிப்பட்ட கேள்விகளைப் புகார் செய்ய ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் பணம் கிடையாது. கேள்வி வேறு எங்காவது வேறொருத்தியின் திரையில் போய் நிற்கும். நான் அழுத்தவில்லை. நான்கு நிமிடத்தில் எழுதினேன்: நொடிக்கு 5/6 அடி, கீழ்நோக்கி. அடுத்து அதே நகப்பூச்சு விரலோடு கேள்வி 5 வந்தது. அதையும் எழுதினேன். 6ஆம் கேள்வியைத் தள்ளிவிட்டேன். அதுவும் மனச்சாட்சியால் இல்லை, மகள் விழித்துக்கொண்டாள்.

240 ரூபாய்.

பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்ட பதில், ‘எனக்கு வேறு வழியில்லை’ என்பது. பெண்ணியம் படித்தவள் என்பதால் அந்தப் பதில் கைக்கு எளிதாகக் கிடைத்தது. பள்ளி வெளியே தள்ளியது, வீடு உள்ளே வைத்தது, நிறுவனம் விடைக்கு இவ்வளவு என்று அளந்தது. இந்த மூன்றும் சேர்ந்து என்னை அந்த நாற்காலியில் உட்கார வைத்தன. பிறகு நான் எப்படிக் குற்றவாளி ஆவேன்?

இதில் உண்மை இருக்கிறது. ஆனால் முழு உண்மை என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அந்த மாதம் எங்கள் வீட்டில் சோற்றுக்குக் குறைவில்லை. அவருக்குச் சம்பளம் வந்துகொண்டிருந்தது. எனக்கு அந்தப் பணம் வேண்டியிருந்தது, ஏனென்றால் யாரிடமும் கேட்காமல் நான் எடுக்கக்கூடிய ஒரே பணம் அது. அதுவும் தேவைதான், பெரிய தேவைதான். பசி அளவுக்குப் பெரியதா என்று என்னைக் கேட்டால், சில நாள் ஆமாம் என்பேன். ஆனால் ‘வேறு வழியில்லை’ என்ற சொல் பசித்தவளுக்கு உரியது. அதை நான் கடன் வாங்கிப் பேசிக்கொண்டிருந்தேன்.

இன்னொன்று மெதுவாகத்தான் உறைத்தது. ‘எனக்குப் பொறுப்பில்லை’ என்று நான் சொல்லும்போது, அத்தை சொன்னதையே வேறு வார்த்தையில் சொல்கிறேன். சும்மா இருக்கிறவள் எதற்கும் பொறுப்பாகமாட்டாள். போன் நோண்டுகிறவளிடம் யாரும் தொழில் அறத்தை எதிர்பார்ப்பதில்லை. என்னைத் தொழிலாளி என்று சொல், வல்லுநர் என்று சொல், பி.எஃப். கொடு என்று ஒரு வாயால் கேட்டுவிட்டு, என் வேலையில் தப்பு நடந்தால் நான் சின்னப் பிள்ளை என்று இன்னொரு வாயால் எப்படிச் சொல்வது?

அப்படியென்றால் தப்பு முழுக்க என்னுடையதா? அதுவும் கணக்குக்கு வரவில்லை. சந்தாப் பணத்தின் பெரும்பகுதி எங்கோ போனது. ‘நேர்மை விதி’ என்று ஒரு பக்கத்தைக் காட்டி டிக் அடிக்கச் சொன்னதன் மூலம் நிறுவனம் தன் பங்குப் பொறுப்பை என் தலையில் இறக்கிவிட்டது. மாணவர்களின் வேலையைக் காசுக்குச் செய்துதரும் சேவைகளுக்கு எதிராக ஆஸ்திரேலியா 2020இலும் இங்கிலாந்து 2022இலும் சட்டம் கொண்டுவந்தன. இரண்டும் சேவையை விற்பவரைக் குற்றவாளியாகப் பார்க்கின்றன, வாங்கும் மாணவரை அல்ல. சட்டத்தின் கண் அங்கே போயிருப்பது சரி என்றே நினைக்கிறேன். ஆனால் விற்றவர் என்றால் யார்? பெயர்ப்பலகை வைத்தவரா, நகப்பூச்சைப் பார்த்த பிறகும் எழுதியவளா? இருவரும்தான். அளவு வேறு.

என் தப்பு எது என்பதில் எனக்கு இன்னொரு சந்தேகமும் உண்டு. ஏமாற்றுக்கு உதவினேன் என்பது ஒன்று. அதைவிட என்னை உறுத்துவது வேறு. ஏணிக் கணக்கை வகுப்பில் எடுக்கும்போது பாதிப் பிள்ளைகள் ஒரே இடத்தில் தவறுவார்கள். 5 என்ற எண்ணை முதலிலேயே சமன்பாட்டில் போட்டுவிட்டுப் பிறகு வகையிடுவார்கள். எண்ணை வகையிட்டால் பூச்சியம். ஏணியின் கால் நகர்கிறது, தலை அசையவில்லை என்று விடை வரும். அப்போது நான் அடிக்கோலைக் கரும்பலகையில் சாய்த்து வைத்து அடியை இழுப்பேன். கோல் சரியும். “இது நிக்குதா?” என்று கேட்பேன். யாராவது ஒருத்தி, “ஓ, முதல்ல ஓட விட்டுட்டு அப்புறம்தான் நிறுத்திப் பார்க்கணுமா டீச்சர்?” என்பாள். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் கணக்கு டீச்சர் ஆகிறோம். அது வருவதற்குப் பிள்ளை முதலில் தவறியிருக்க வேண்டும். நான் அந்தத் தவறைப் பார்த்திருக்க வேண்டும். நீல நகப்பூச்சு எங்கே தவறினாள் என்று எனக்குத் தெரியாது. தவறுவதற்கே நான் இடம் கொடுக்கவில்லை. கற்பிக்கத் தெரிந்தவள் என்பதால்தான் என்னைச் சேர்த்தார்கள். கற்பித்தல் நடக்காத ஓர் ஏற்பாட்டில்தான் உட்கார வைத்தார்கள்.

எம்மி நோதரை நினைத்துக்கொள்வேன். அவரோடு என்னை ஒப்பிடவில்லை, அந்த அசட்டுத்தனம் எனக்கில்லை. எர்லாங்கனில் ஏழு வருடம் சம்பளமில்லாமல் வேலை செய்தவர். கெட்டிங்கனுக்கு 1915இல் வந்த பிறகும் பெண் என்பதால் பதவி தரவில்லை. அவர் எடுத்த வகுப்புகள் ஹில்பர்ட்டின் பெயரில் அறிவிக்கப்பட்டன. 1933இல் நாஜி ஆட்சி, யூதர் என்று வேலையிலிருந்து நீக்கியபோது மாணவர்களைத் தன் வீட்டுக்கு வரவழைத்துப் பாடம் எடுத்தார். அதுவும் வீட்டிலிருந்தபடியே கற்பித்ததுதான். அவருக்குப் பணமும் இல்லை, பெயரும் இல்லை. ஆனாலும் முன்னால் இருந்த மாணவரின் முகம் இருந்தது. எனக்குப் பணம் வந்தது. பெயருக்குப் பதில் ஓர் எண். அவருடைய பெயர் மறைக்கப்பட்டது அநியாயம். என் பெயர் மறைந்திருந்தது அந்த இரவில் எனக்கு வசதியாக இருந்தது. எண் எழுதிய விடைக்கு நான் ஏன் வெட்கப்பட வேண்டும்?

நான் பத்தாம் வகுப்பு படிக்கும்போது புகையிலையின் கேடு பற்றிப் பள்ளியில் பாடம் நடத்தினார்கள். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன், “இதைக் குடிச்சா செத்துருவாங்களாம்மா?” எங்கள் தெருவில் இருமாத ஆம்பிளை கிடையாது. அவள் சுளவிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “தெரியும்ட்டி. உன் பீசையும் அதான் கெட்டுது” என்றாள். ரொம்ப நாள் அதை அலட்சியமான பதில் என்றே நினைத்திருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. தெரியாது என்று சொல்லவில்லை, விதி என்று சொல்லவில்லை, கம்பெனிக்காரனைப் போய்க் கேள் என்றும் சொல்லவில்லை. இரண்டு பாரத்தையும் ஒரே மடியில் வைத்துக்கொண்டு சுற்றினாள்.

அந்தப் பதில் எல்லாவற்றையும் சரியாக்கிவிடுகிறது என்று நான் சொல்லவரவில்லை. பீடி சுற்றியது சரியா என்றால் எனக்கு இன்றும் பதில் தெரியாது. ஆனால் அம்மாவிடம் என்னிடம் இல்லாத ஒன்று இருந்தது. கடை தரும் இலை மோசமாக இருந்தால் அத்தனை பீடி தேறாது. குறைகிற இலையைக் கைக்காசு போட்டு வாங்கித்தான் கணக்கை முடிக்க வேண்டும். ஒருமுறை அப்படி அழுகிய இலை வந்தபோது பெண்கள் எல்லோருமாகச் சேர்ந்து இலையைக் கடை வாசலிலேயே கொட்டிவிட்டார்கள். அம்மாவும் கொட்டினாள். அது முடிந்ததற்குக் காரணம் அவர்களின் வீரம் மட்டுமில்லை. தினமும் ஒரே நேரத்தில் ஒரே வாசலில் வரிசையில் நின்றார்கள். பேசிக்கொண்டார்கள். யாருக்கு எவ்வளவு கழித்தார்கள் என்று எல்லோருக்கும் தெரியும்.

நான் பொத்தானை அழுத்தினால் கேள்வி போய்ச் சேரும் அந்த ‘வேறொருத்தி’ யார்? ‘நான் செய்யாவிட்டால் வேறு யாராவது செய்வார்கள்’ என்பது உலகத்தின் மிகப் பழைய சாக்கு. ஆனால் இங்கே அந்த வேறு யாரோ மெய்யாகவே இருந்தாள். தூத்துக்குடியிலோ கான்பூரிலோ, என்னைப் போலவே பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டு. அவள் பெயர் எனக்குத் தெரியாது, என் பெயர் அவளுக்குத் தெரியாது. நாங்கள் இருவரும் ஒரே இரவில் அந்தக் கேள்வியைத் தள்ளியிருந்தால் அது தள்ளப்பட்டிருக்கும். நான் மட்டும் தள்ளினால் என் 120 ரூபாய் அவளுக்குப் போகும், அவ்வளவே. தனி ஆளின் மனச்சாட்சியால் ஆகக்கூடியது கொஞ்சம்தான். அதற்காக அந்தக் கொஞ்சத்தையும் விட்டுவிடலாமா என்பதில்தான் நான் இன்னும் என்னோடு சண்டை போடுகிறேன்.

அந்த டிசம்பருக்குப் பிறகு கடிகாரம் தெரிந்த கேள்விகளை எடுப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். வருமானம் பாதியானது. கடிகாரத்தை வெட்டிவிட்டு அனுப்பிய படங்களை என்ன செய்வது? அவற்றில் சிலவற்றை எழுதினேன். என் நேர்மை அவர்களுடைய கத்தரிக்கோலை நம்பி இருந்தது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு கேள்விகளே மெல்ல வற்றின. இப்போது என்னைப் போன்றவர்களுக்கு வேறு வேலை வருகிறது: செயற்கை நுண்ணறிவு போட்ட கணக்கில் எந்த வரியில் பிசகியது என்று கண்டுபிடித்துக் குறிப்பு எழுத வேண்டும். நாள் முழுக்கத் தவறுகளைப் பார்க்கிறேன். ஒருநாள் அதுவும் ஏணிக் கணக்கில் எண்ணை முன்னாலேயே போட்டுவிட்டிருந்தது. அடிக்கோலைத் தேடக் கை போனது எனக்கே சிரிப்பாக இருந்தது.

போன மாதம் என் பழைய மாணவி ஒருத்தி அழைத்தாள். அவளும் எம்.எஸ்சி. கணிதம், கல்யாணமாகி ஒரு வருடம். “சேரலாமா டீச்சர்?” என்றாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன தகுதி? சொல்லத் தெரிந்ததைச் சொன்னேன். வங்கிக் கணக்கு அவள் பெயரில், அவள் போன் எண்ணில் இருக்க வேண்டும். பிடித்த வரியை உரிய கெடுவுக்குள் ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்க வேண்டும். காசு கொடுத்துப் பதிவு செய்யச் சொன்னால் ஓடிவிட வேண்டும். பிறகு நீல நகப்பூச்சைப் பற்றியும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அவளோடு படித்த இன்னும் இரண்டு பேரும் சேரப்போகிறார்களாம்.

“அப்ப மூணு பேரும் ஒரே எடத்துல உக்காருங்கம்மா. எதை எடுக்குறது, எதைத் தள்ளுறதுன்னு பேசிக்கிட்டே செய்யுங்க” என்றேன்.

“ராத்திரி பத்து மணிக்கு மேல மூணு பொம்பளைங்க ஒண்ணா உக்கார எந்த வீட்ல டீச்சர் விடுவாங்க?” என்றாள்.